குரூப் 4 எழுதப்போகும் செல்விக்கு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. குட்டிப் பயல் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்றதும் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவளுக்குப் போன மாதம்தான் கண்புரை அறுவை முடிந்தது, இப்போது தெருக்கோடி வரை தெரிகிறதாம். எனக்கு ஆபீசில் வழக்கம்போல பட்டா மாறுதல் மனுக்கள், அவற்றோடு வரும் மனிதர்கள், அவர்களோடு வரும் சண்டைகள்.

சரி, அரசு வேலைக்காகத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் குரூப் 4 தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று கேட்டிருந்தாய், அதற்கு வருகிறேன். முன்பு நீ பொது ஆங்கிலம் எடுத்து எழுதியவள். அந்த வழி இப்போது இல்லை. 2021 கடைசியில் வந்த அரசாணைக்குப் பிறகு தமிழ் கட்டாயம். இருநூறு கேள்வியில் நூறு தமிழ். அந்த 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மிச்சப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். நீ கணக்கில் புலி என்பது எனக்குத் தெரியும். ஆனால் கணக்குக்கும் ரீசனிங்குக்கும் சேர்த்து 25 கேள்விதான், பொது அறிவு 75. அதனால் ஆரம்பத்திலேயே தமிழைப் பிடித்துக்கொள்.

தமிழில் எல்லோரும் செய்வது, புலவர் பெயரும் நூல் பெயரும் அடைமொழியும் உருப்போடுவது. புதிய பாடத்திட்டத்தில் இலக்கியமும் தமிழ் அறிஞர்களும் சேர்த்தே 15 கேள்வி. இலக்கணத்துக்கு மட்டும் 25. அப்புறம் சொல்லகராதி, எழுதும் திறன், பத்தியைப் படித்துப் பதில் சொல்வது, கலைச்சொற்கள், கொஞ்சம் மொழிபெயர்ப்பு. வேர்ச்சொல், பிரித்தெழுது, சந்திப்பிழை இதெல்லாம் ஒருமுறை புரிந்துவிட்டால் மறக்காது. அடைமொழி ஒரு வாரத்தில் பறந்துவிடும். உன்னைப்போல் குழந்தை தூங்கும் நேரத்தில் படிப்பவளுக்கு எது லாபம் என்று நீயே பார்.

புத்தகம் வாங்கிக் குவிக்காதே. ஆறிலிருந்து பத்து வரை பள்ளிப் பாடநூல், தேர்வாணையத்தின் தளத்தில் இருக்கும் பழைய வினாத்தாள், இந்த இரண்டும் போதும். பழைய தாளை முதலில் எடு, பாடத்தை அப்புறம் படி. கேள்வி எந்தப் பெட்டிச் செய்தியிலிருந்து, எந்த அடிக்குறிப்பிலிருந்து வருகிறது என்று பார்த்த கண், பிறகு பாடத்தை வேறு மாதிரி படிக்கும். கோச்சிங்குக்குக் கட்ட உன் வீட்டுக்காரர் பணம் தருகிறேன் என்றால் வாங்கி வைத்துக்கொள், கட்டாதே! மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, வகுப்பு இலவசம். மதுரையில் இருந்துகொண்டு கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கூடப் போகாமல் இருப்பது பாவம். போட்டித் தேர்வுக்கென்றே அங்கே தனிப் பகுதி உண்டு.

இன்னொன்று, இதைப் பலர் கடைசி நேரத்தில்தான் தேடுவார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறதல்லவா, அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்று சான்றிதழ் வேண்டும். நீ ஐந்தாவது வரை உங்கள் ஊரில், பிறகு என்னோடு. இரண்டு பள்ளியிலும் தனித்தனியாக வாங்கு. தலைமையாசிரியர் மாறியிருப்பார், பழைய பதிவேடு தேட நாளாகும், அலைய வேண்டியிருக்கும். அறிவிப்பு வரும் வரை காத்திருக்காதே.

தேர்வு அறையில் தெரியாத கேள்வியை வெறுமனே விட்டுவிடாதே. தப்புக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் யோசித்து ஒன்றை நிரப்பு. ஒன்றுமே தோன்றாவிட்டால் 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டமாவது கறுக்க வேண்டும். காலியாக விட்டால்தான் வம்பு.

இப்போது பார்க்கும் துணிக்கடை வேலையை இதற்காக விடுவதா என்று கேட்டிருந்தாய். விடாதே. அறிவிப்புக்கும் தேர்வுக்கும் முடிவுக்கும் கலந்தாய்வுக்கும் நடுவே எத்தனை மாதம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. கையில் சம்பளம் இருந்தால்தான் வீட்டில் யாரும் 'இன்னும் எத்தனை நாள்' என்று கேட்க மாட்டார்கள். நேரம் குறைவுதான், ஆனால் நிம்மதியாகப் படிக்கலாம்.

ஊரில் உன் பள்ளிக்கு நான் வேண்டுமானால் போய்வருகிறேன், அடுத்த சனிக்கிழமை அந்தப் பக்கம் வேலை இருக்கிறது. ஐந்தாவது முடித்த வருடத்தையும் மாற்றுச் சான்றிதழ் நகலையும் அனுப்பி வை. அவர்கள் உன்னையே நேரில் வரச் சொன்னால் போன் பண்ணுகிறேன்.

அன்புடன்,
மல்லிகா