காற்றை அடைத்தால் கங்கு வாழாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில், குளிர்காலத்தில் திறந்த வெளியில் கரி அடுப்பு வைத்து மீனும் இறைச்சியும் சுடுவது பற்றி வெளிவந்த குறிப்பைப் படித்தேன். மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது தண்டையார்பேட்டையில் என் மருமகன் மாலை வேளைகளில் போடும் மீன் கடையில் நெருப்பு மட்டும் என் பொறுப்பு. சூடு வெளியேறாமல் இருக்க அடுப்பின் காற்றுத் துளைகள் அனைத்தையும் மூடிவிட வேண்டும் என்றும், மழை வந்தால் அடுப்பை அப்படியே வீட்டுக்குள் நகர்த்திக்கொள்ளலாம் என்றும் அக்குறிப்பு சொல்கிறது. முதல் யோசனை அடுப்பை அணைக்கும். இரண்டாவது ஆளைக் கொல்லும்.

குளிரின் பங்கு எவ்வளவு என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். அடுப்பிலிருந்து வெளியேறும் வெப்பம், ஏறத்தாழ, உள்ளே இருக்கும் சூட்டுக்கும் வெளியே இருக்கும் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. எங்கள் அடுப்பின் உட்புறம் 250 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாத இரவில் வெளியே 32 டிகிரி என்றால் வித்தியாசம் 218. மார்கழி இரவில் 22 டிகிரி என்றால் 228. நூற்றுக்கு ஐந்து பங்குகூடக் கூடவில்லை. ஆகவே நம் ஊரில் மார்கழியில் அடுப்பு சவலைப் பிள்ளைபோல் வாடுவதற்குக் குளிரைக் குற்றம் சொல்வது நியாயமல்ல.

கனடாவில் இருக்கும் என் அக்கா மகனின் கதை வேறு. அவர் கொல்லைப்புறத்தில் ஸ்மோக்கர் எனப்படும் புகை அடுப்பை வைத்துக்கொண்டு, 110 டிகிரி அளவிலேயே மணிக்கணக்காக இறைச்சியை வேகவிடுபவர். வெளியே உறைநிலைக்குக் கீழே 15 டிகிரி என்றால் அவருக்கு வித்தியாசம் 125. அதே அடுப்பு தண்டையார்பேட்டையில் இருந்தால் 88தான். இழப்பு நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் கூடுகிறது. மிதமான சூட்டில் வேலை செய்யும் அடுப்பைத்தான் குளிர் அதிகம் பதம் பார்க்கும் என்பது இதிலிருந்து புலப்படும். தங்கள் குறிப்பு அத்தகைய நாட்டுக்காரர்களின் அனுபவத்தை அரைகுறையாக எடுத்து எழுதப்பட்டதோ என்று எனக்குச் சந்தேகம். அவர்கள் அடுப்பின் மேல் போர்த்துவது தீப்பிடிக்காத கம்பளம். காற்றுத் துளையையும் புகைபோக்கியையும் அவர்கள் அடைப்பதில்லை.

வடசென்னையில் அடுப்பின் உண்மையான எதிரி வாடைக்காற்று. ஐப்பசி தொடங்கித் தை பிறக்கும் வரை காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கடலோரமெங்கும் வடகிழக்கிலிருந்து அது வீசிக்கொண்டே இருக்கும். பாதி பிளந்த 200 லிட்டர் பீப்பாய்தான் இங்கு பெரும்பாலான கடைகளின் அடுப்பு. அந்த மெல்லிய தகட்டைத் தடவிச் செல்லும் காற்று சூட்டை உருவிக்கொண்டு போகிறது. அதே காற்று அடித்துளை வழியாக நேரே புகுந்து ஒரு பக்கத்துக் கங்கை வெள்ளையாக எரித்துவிட்டு, மறுபக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறது. வஞ்சிரத் துண்டின் ஒரு முனை கருகி மறு முனை வேகாமல் போவது இதனால்தான். அடித்துளை காற்றுக்கு முதுகு காட்டும்படி பீப்பாயைத் திருப்பி வைத்து, காற்று வரும் திசையில் இரண்டடி தள்ளி ஒரு இரும்புத் தகட்டை நிறுத்தினாலே பாதித் தொல்லை தீரும். நீலத் தார்ப்பாயையோ பிளாஸ்டிக் மீன் பெட்டிகளையோ மறைப்பாக வைக்கக் கூடாது. உருகிச் சொட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கரியின் ஈரம். நம் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் தென்மாவட்டங்களில் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக் கருவேலங்கரி. மழைக்காலத்தில் கோணி மூட்டையைத் தரையில் வைத்தால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு கிலோ கரியில் 100 கிராம் தண்ணீர் இருந்தால், அதை ஆவியாக்கச் சுமார் 60 கிலோ கலோரி வேண்டும். நல்ல கரி தருவதோ ஏறத்தாழ 7,000 கிலோ கலோரி. கணக்கில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்தத் தண்ணீர்க்கு ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும் என்று மருமகன் என்னைக் கேட்டார். தண்ணீர் தன் பங்கைக் கேட்கும் நேரம்தான் காரணம். கரி இன்னும் பற்றாத முதல் பத்து நிமிடத்திலேயே அது மொத்தத்தையும் கேட்கிறது; ஏற்கெனவே வாடிய தணலின் மேல் ஈரக் கரியைக் கொட்டினால், இருக்கிற கங்கின் உயிரையும் அது வாங்கிவிடும். இதற்காக 15 கிலோ எண்ணெய் டின் ஒன்றின் அடியில் துளைகள் போட்டு, அதில் கொட்டாங்கச்சியும் பனையோலையும் வைத்துப் புதுக் கரியைத் தனியே பற்றவைக்கிறோம். நன்றாகச் சிவந்து மேலே சாம்பல் பூத்த பிறகே அது அடுப்புக்குள் போகிறது. மண்ணெண்ணெய், டயர்த் துண்டு, பால் பாக்கெட் ஆகியவற்றைக் கொளுத்துகிறவர்களும் எங்கள் தெருவில் உண்டு. எண்ணூர்த் தொழிற்சாலைப் புகையைச் சுவாசித்தே வளர்ந்த எங்களுக்கு இதுவும் வேண்டுமா என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.

காற்றுத் துளைகளுக்கு வருகிறேன். பாய்லரில் டிராஃப்ட் என்று சொல்வோம்: அடியில் காற்று நுழைய வேண்டும், மேலே புகை போக வேண்டும், இரண்டில் ஒன்று அடைபட்டாலும் நெருப்பு படுத்துவிடும். மூடி போட்ட அடுப்பில் மேல் துளை எப்போதும் திறந்தே இருக்கட்டும். சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் அடித்துளையின் வேலை. எங்கள் பாட்டி இரவில் அடுப்புக் கங்கைச் சாம்பலால் மூடிவைத்துக் காலையில் ஊதி எழுப்புவார். நீறு பூத்த நெருப்பு என்பது அதுதான். அந்த நெருப்பு சாகாமல் இருக்குமே தவிர, ஒரு சங்கரா மீனைக்கூட வேகவைக்காது. அரை மணிக்கு ஒரு முறை கம்பியால் தட்டிச் சாம்பலை உதிர்க்காவிட்டால், துளை திறந்திருந்தும் பயனில்லை.

சூட்டைக் காக்க விரும்புகிறவர்கள் அடுப்பின் சுவரைக் கவனிக்கலாம். பாய்லர்க் குழாய்களுக்கு ராக்வூல் என்னும் பாறை இழைப் பஞ்சைச் சுற்றி மேலே தகடு போர்த்துவதை லேகிங் என்போம். கடை அடுப்புக்கு அவ்வளவு வேண்டாம். பீப்பாயின் உட்புறம் சூட்டைத் தாங்கும் தீச்செங்கல் ஒரு வரிசை அடுக்கினால், சூடேற அரை மணி கூடுதலாகும். ஏறிய பிறகு, மூடியைத் திறந்து மீனைப் புரட்டும்போது சூடு சரியாது. தந்தூரி அடுப்பின் கனத்த மண் சுவரும் இதே வேலையைத்தான் செய்கிறது. நனைந்த கல்லை மட்டும் நேரே கங்கில் வைக்க வேண்டாம்; உள்ளே ஆவி கட்டி வெடிக்கும். கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய, தகடும் கூடாது. அதன் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

அடுப்பை உள்ளே கொண்டுபோகும் யோசனையைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. காற்றுக் குறைந்த இடத்தில் எரியும் கரி கார்பன் மோனாக்சைடைக் கக்குகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். புகை அடங்கி, பார்ப்பதற்குச் சாதுவாகக் கிடக்கும் கங்குதான் இதில் மிக மோசமானது. கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் விடியலில் எழாமல் போன செய்திகள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஐந்து பேர் படுக்கும் எங்கள் பகுதியில், மழைக்குப் பயந்து ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே அடுப்பை அணையவிடும் பழக்கம் சில கடைகளில் இன்னும் இருக்கிறது. மழை வந்தால் மீனைத்தான் உள்ளே எடுக்க வேண்டும். கங்கு வெளியிலேயே நனையட்டும். அணைந்த கரியை வெயிலில் காயவைத்து மறுபடி எரிக்கலாம், நஷ்டம் ஒன்றுமில்லை.

அடுப்பை வீட்டுக்குள் நகர்த்தச் சொன்ன அந்த வரிக்கு மட்டுமாவது, அடுத்த ஞாயிறு இணைப்பில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். புயல் சின்னம் என்று வானொலி சொல்லத் தொடங்கிவிட்டது. அதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாய்லர் பணியாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை.