கடல் பக்க விளக்குகள்: ஆமைக் குஞ்சுகளுக்காக

அனைவருக்கும் வணக்கம். பெசன்ட் நகர், நீலாங்கரைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம் இது. முட்டைகளை மாணவர்கள் 1988 முதல் இரவெல்லாம் நடந்து தேடிப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பிய குழிகளில் 45 முதல் 60 நாளில் பொரியும் குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம்தான் ஓடும், நம் மாடி விளக்கு எரிந்தால் கடலை விட்டு ரோட்டுக்கு வந்துவிடும்.

1. ஏப்ரல் கடைசி வரை இரவு 7 முதல் காலை 5 வரை கடல் பார்த்த விளக்குகளை அணையுங்கள். முடியாதவர்கள் கனமான திரையாவது போடுங்கள்.
2. மணலில் டிராக்டர் தடம் போல ஆமை ஊர்ந்த தடத்தைக் கண்டால் தோண்டாதீர்கள், உடனே எனக்குச் சொல்லுங்கள்.
3. குஞ்சைக் கையில் எடுத்து செல்ஃபி வேண்டவே வேண்டாம்.
4. சனிக்கிழமை (பிப்ரவரி 14) மாலை 6:30 மணிக்கு மொட்டைமாடியில் கூடுவோம், எந்த விளக்கு மணலில் விழுகிறது என்று அங்கிருந்தே பார்த்துவிடலாம்.

வெள்ளிக்கிழமைக்குள் பிளாட் எண்ணோடு 'சரி' என்று பதில் போடுங்கள்.