ரயிலை வாயால் ஓட்டியவர்

நாஷ்வில், டென்னசி

அன்பு நண்பா,

முழங்கால் வலி குறைந்து மாலை வேளைகளில் மறுபடியும் வயலினை எடுக்கிறாய் என்று நீ எழுதியிருந்ததைப் படித்து மகிழ்ந்தேன். மகள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பகல்தான் நீளமாக இருந்தது. அதைக் குறைக்க ஒரு வானொலி நிலையம் அகப்பட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுதும் எழுதப் போகிறேன். நிலைய வித்துவானாக ஆயுளைக் கழித்த உன்னைத் தவிர வேறு யாரிடம் இதைச் சொல்வது?

மகள் காரில் வேலைக்குப் போகும் வழியில், பிரென்ட்வுட் என்னும் ஊரில், இடை பருத்து மேலும் கீழும் கூம்பிய கோபுரம் ஒன்று நிற்கிறது. 1932இல் எழுப்பப்பட்ட அது 800 அடிக்கும் மேல் உயரமானது. டபிள்யூ.எஸ்.எம். என்ற நிலையம் 650 கிலோஹெர்ட்ஸில், 50,000 வாட் திறனில், அதிலிருந்துதான் ஒலிபரப்புகிறது. அந்த மூன்று எழுத்தும் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் விளம்பர வாசகத்தின் முதலெழுத்துகள். ‘லட்சக்கணக்கானோரைக் காக்கிறோம்’ என்று அதற்குப் பொருள். கிராமத்துப் பாட்டைக் காட்டிப் பாலிசி விற்கத் தொடங்கியவர்கள், ஒரு நாட்டின் மண்ணிசையான ‘கன்ட்ரி’ இசைக்கே வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

1925 நவம்பர் 28 அன்று இரவு, அங்கிள் ஜிம்மி தாம்சன் என்ற 77 வயதுப் பிடில்காரரை ஸ்டூடியோவில் ஒரு நாற்காலியில் அமர்த்தி, அவருடைய உறவுப் பெண்ணைப் பியானோவில் துணைக்கு வைத்து, அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே ஒலிவாங்கியைத் திறந்தார். ஒரு மணி நேரம் ஆனபின் களைப்பாக இருக்கிறதா என்று கேட்டதற்குக் கிழவர், இன்னும் கை சூடேறவில்லை என்ற தோரணையில் பதில் சொன்னாராம். உனக்கு இரண்டு மூன்று பேர் நினைவுக்கு வருவார்கள். நேரில் பார்க்க வந்த கூட்டம் பெருகி, நிறுவனத்து மேலதிகாரிகளே தங்கள் அலுவலகத்துக்குள் நுழைய முடியாமல் போனதால், அன்று தொடங்கிய அந்தச் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி அரங்கு அரங்காக மாறி 1943இல் இந்த ஊரின் ரைமன் அரங்குக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்டூடியோவை மீறிக் கூட்டம் வழிந்த நிகழ்ச்சி ஒன்றையாவது நம் நிலையத்தில் நாம் பார்த்ததுண்டா?

நான் சொல்ல வந்தவர் டிஃபோர்ட் பெய்லி. 1899இல் பிறந்தவர், குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் தாக்கி உயரம் ஐந்தடிக்கும் குறைவாகவே நின்றுபோன கறுப்பினக் கலைஞர். மௌத் ஆர்கனை வாயில் வைத்தால் ரயில் கிளம்பும், மேடேறும், கூவும், தூரத்தில் தேயும். 1927இல் ஒரு சனிக்கிழமை இரவு, இவர்கள் நிகழ்ச்சிக்குச் சற்று முன்னால் என்.பி.சி. என்ற நாடளாவிய வானொலி வலையமைப்பில் செவ்வியல் இசை நிகழ்ச்சி ஒலிபரப்பாயிற்று. அதை நடத்திய வால்டர் டாம்ராஷ், செவ்வியல் இசையில் யதார்த்தத்துக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு, ரயிலைச் சித்தரிக்கும் ஒரு படைப்பை மட்டும் விதிவிலக்காக வாசித்துக் காட்டினார். அது முடிந்ததும் ஹே, அடுத்த மூன்று மணி நேரமும் யதார்த்தம் மட்டுமே என்று அறிவித்துப் பெய்லியை அழைத்தார். அவர் ‘பான் அமெரிக்கன் புளூஸ்’ வாசித்து முடித்தபின், இவ்வளவு நேரம் கிராண்ட் ஆபரா கேட்டீர்கள், இனி ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்றார் ஹே. ஆபரா என்றால் மேல்தட்டு இசை நாடகம்; ஆப்ரி என்பது அதே சொல்லின் கிராமத்து உச்சரிப்பு. அந்தக் கேலிதான் இன்றுவரை நிகழ்ச்சியின் பெயர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பாட்டுக்குப் பெயர் தந்த ‘பான் அமெரிக்கன்’ ரயில், இந்த வானொலியின் கோபுரத்தை ஒட்டித்தான் ஓடியது. 1933இலிருந்து, அது கடக்கும் நேரத்தில் ஒலிவாங்கியைத் திறந்து வைத்து, அதன் ஊதலை நேரடியாகவே ஒலிபரப்பினார்கள். வாயால் ஓடிய ரயிலையும் தண்டவாளத்தில் ஓடிய ரயிலையும் ஒரே நிலையத்தில் கேட்டவர்கள் பாக்கியவான்கள்.

பெய்லிக்கு அந்தப் பாக்கியம் நீடிக்கவில்லை. மற்ற கலைஞர்களோடு ஊர் ஊராகப் போனபோது பல விடுதிகள் அவரை உள்ளே விடவில்லை. 1941இல், உரிமைத்தொகைத் தகராறு ஒன்றால் பழைய பாடல்கள் பலவற்றை வானொலியில் வாசிக்க முடியாமற்போன சமயத்தில், அவரை நிகழ்ச்சியிலிருந்தே அனுப்பிவிட்டார்கள். அவர் சோம்பலால் புதிய உருப்படிகளைக் கற்கவில்லை என்று ஹே பின்னாளில் எழுதினார். எனக்கு அது நெஞ்சில் தைக்கிறது. பல ஆண்டுகளாக அதே பழைய ரயிலைத்தானே ஓட்டச் சொல்லிக் கேட்டார்கள்? பெய்லி நாஷ்வில்லில் காலணிக்கு மெருகேற்றும் கடை நடத்திப் பிழைத்தார்; 1982இல் காலமானார்; நாட்டுப்புற இசைக்கான புகழ்க்கூடத்தில் 2005இல்தான் அவருக்கு இடம் கிடைத்தது.

புகழ்பெற்ற கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் பற்றியும் ஒரு செய்தி. 1951இல் ஒரு மாவு நிறுவனத்துக்காக இதே நிலையத்தின் ஸ்டூடியோவில் பதினைந்து நிமிடக் காலை நிகழ்ச்சிகளை ஒலித்தட்டுகளில் பதிந்து தந்தார். இடையிடையே பேச்சு, கிண்டல், மாவு விளம்பரம், இசைத்தட்டாக வெளியிடாத பக்திப் பாடல்கள் எல்லாம் உண்டு. பிற்காலத்தில் குப்பைக்குப் போகவிருந்த அந்தத் தட்டுகளை ஆப்ரியின் புகைப்படக்காரர் ஒருவர் எடுத்துக் காப்பாற்றியதால்தான் இன்று கேட்க முடிகிறது. நம் நிலையத்தில் அழித்து மறுபடியும் பதிவு செய்த ஒலிநாடாக்களை நினைத்துக்கொண்டேன். உன் ராகம் தானம் பல்லவி ஒன்றும் அதில் போயிற்று அல்லவா?

இங்கே சனிக்கிழமை இரவு ஏழு மணி என்றால் உனக்கு ஞாயிறு விடியற்காலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. பேரனிடம் சொன்னால் கைபேசியில் எடுத்துத் தருவான். பிடில் வரும்போது கவனித்துக் கேள். வில்லை எவ்வளவு நீளம் இழுக்கிறார்கள், எங்கே திருப்புகிறார்கள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. உன் காதுக்குப் பிடிபடும். எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய பக்கத்து வீட்டுக்காரன்