ஓட்டெடுப்புக்கு முந்தைய மாலை: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களே, ஆசிரியர்களே, வணக்கம்.

பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வியை வளர்க்க அமெரிக்கக் காங்கிரசில் ஒரு மசோதா வருகிறது என்றால் நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். ஓட்டெடுப்பு நாளன்று காலையில் நம் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஆதரித்து ஓட்டளியுங்கள் என்று கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்த மசோதாவில் எந்த வரியைத் திருத்தலாம், யார் திருத்தலாம், எத்தனை நிமிடம் பேசலாம், எந்த ஆட்சேபத்தை எழுப்பவே கூடாது என்பதெல்லாம் அதற்கு முன்பே முடிவாகியிருக்கும். இலை போட்டுப் பரிமாறத் தொடங்கிய பிறகு அடுப்படிக்குப் போய் என்ன சமைக்கலாம் என்று கேட்கிறோம். இந்த மடல் அந்த அடுப்படியைப் பற்றியது.

கேப்பிட்டல் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் எச்-313 என்றொரு சிறிய அறை இருக்கிறது. பிரதிநிதிகள் சபையின் விதிகள் குழு கூடுவது அங்கேதான். குழுவில் 13 பேர். அவர்களில் 9 பேர் பெரும்பான்மைக் கட்சியினர், 4 பேர் மட்டுமே எதிர்த்தரப்பு. மற்றக் குழுக்களில் பெரும்பாலும் சபையில் உள்ள பலத்துக்கு ஏற்ப இடங்கள் பிரியும். இங்கே சபையில் இரண்டே இடம் கூடுதலாக வைத்திருக்கும் கட்சிக்கும் ஒன்பது இடம். அந்த ஒன்பது பேரும் சபாநாயகரின் தேர்வு. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் அலுவல் ஆய்வுக் குழுவை அறிந்தவர்கள் இதையும் அப்படி ஒன்றாக நினைத்துவிட வேண்டாம். அந்தக் குழு நாளையும் நேரத்தையும் ஒதுக்கும். எந்தத் திருத்தம் சபைக்குள் வரலாம் என்பதையே இந்தக் குழு தீர்மானிக்கிறது.

கல்வி மசோதாக்கள் இந்த அறையிலேயே மடிந்த வரலாறும் உண்டு. 1960-இல் பள்ளிகளுக்கு மத்திய அரசு உதவி தரும் மசோதாவை இரு சபைகளும் தனித்தனியே நிறைவேற்றின. இரண்டு வடிவங்களையும் இணைக்கும் கூட்டுக் குழுவுக்கு அதை அனுப்ப விதிகள் குழு மறுத்தது. மசோதா அங்கேயே செத்தது. அன்றைய தலைவர் வர்ஜீனியாவின் ஹோவர்டு ஸ்மித். அவருடைய பிடியைத் தளர்த்த, 1961 ஜனவரியில் குழுவின் எண்ணிக்கையை 12-இலிருந்து 15 ஆக்கும் தீர்மானம் 217-க்கு 212 என்று மயிரிழையில் வென்றது. அதே ஆண்டு ஜூலையில், விரிவாக்கிய அதே குழு, 8-க்கு 7 என்ற கணக்கில் கல்வி உதவி மசோதாக்களை மறுபடியும் கிடப்பில் போட்டது. பொதுமக்கள் ஆதரவோ அதிபரின் ஆதரவோ இந்த அறைக்குள் தானாக நுழைந்துவிடுவதில்லை.

நாம் கவனமாகப் படிக்க வேண்டியது 2008-இல் நடந்தது. மேரிலாந்து உறுப்பினர் ஜான் சார்பேன்ஸ் முந்தைய ஆண்டு கொண்டுவந்த எச்.ஆர். 3036 என்ற மசோதா அது. "எந்தக் குழந்தையும் வீட்டுக்குள்ளேயே விடப்படக் கூடாது" என்பது போன்ற பெயர். 2002-இல் கையெழுத்தான "எந்தக் குழந்தையும் பின்தங்க விடப்படக் கூடாது" என்ற பள்ளிக் கல்விச் சட்டத்தின் பெயரை ஒட்டி வைத்தது. மாநிலங்கள் மழலையர் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை சுற்றுச்சூழல் அறிவுத் திட்டம் ஒன்றை வகுக்க வேண்டும் என்பதே அறிமுகமான மசோதாவின் மையக் கருத்து. அப்போது கல்விக் குழுவின் தலைவர் ஜார்ஜ் மில்லர், விதிகள் குழுவின் தலைவர் லூயிஸ் ஸ்லாட்டர். 2008 செப்டம்பர் 18 அன்று சபை 293-க்கு 109 என்று அதை நிறைவேற்றியது. லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலாகி மூன்றே நாள் ஆகியிருந்தது. செனட் அதைத் தொடவில்லை. அடுத்த ஜனவரியில் அந்தக் காங்கிரசின் இரண்டாண்டு ஆயுள் முடிந்ததும் மசோதாவும் முடிந்துபோனது.

அந்த ஓட்டு எண்ணிக்கையைச் சற்றுப் பாருங்கள். 293-ம் 109-ம் சேர்ந்து 402. அதில் மூன்றில் இரண்டு பங்கு 268. மசோதாவுக்கு அதைவிட 25 ஓட்டு கூடுதலாகவே கிடைத்தது. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் ஒரு மசோதாவை இன்னொரு வழியில் கொண்டுபோகலாம். வழக்கமான விதிகளை நிறுத்திவைத்து, மொத்தம் 40 நிமிட விவாதத்தில் முடித்துவிடலாம். விதிகள் குழுவுக்கே போக வேண்டியதில்லை. திருத்தம் கிடையாது, குழுவுக்குத் திருப்பியனுப்பக் கோரும் தீர்மானமும் கிடையாது. ஆனால் ஓட்டு குறைந்தால் அன்றே தோல்வி. அடுத்த முறை இப்படி ஒரு மசோதா வரும்போது இந்தக் கணக்கை ஆதரவாளர்கள் முன்கூட்டியே போட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆண்டின் தொடக்கத்தில் இப்படி முடித்தால் செனட்டுக்குப் பல மாதங்கள் மிஞ்சும். செப்டம்பரில் முடித்தால் எதுவும் மிஞ்சாது.

மூன்றில் இரண்டு பங்கு உறுதியில்லை என்றால் சிறப்பு விதி வேண்டும். அது, ஒரு மசோதாவைச் சபை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதிகள் குழு எழுதும் ஓரிரண்டு பக்கத் தீர்மானம்தான், ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு வேலை செய்கிறது. முதல் வாக்கியம் சபையை முழுச்சபைக் குழுவாக, அதாவது எல்லா உறுப்பினரும் எளிய விதிகளோடு கூடும் ஒரு குழுவாக, மாற்றுகிறது. சபாநாயகர் இறங்கி இன்னொருவர் தலைமை ஏற்பார், செங்கோலைக் கீழ்ப் பீடத்துக்கு இறக்குவார்கள். அந்த நிலையில் கூட்டம் நடத்த 100 பேர் இருந்தால் போதும், 25 பேர் எழுந்தால் யார் எப்படி ஓட்டளித்தார் என்று பதிவாகும் ஓட்டு உண்டு. அடுத்து, மசோதாவுக்கு எதிரான ஒழுங்குப் பிரச்சினைகளை, அதாவது சபை விதியை மீறுகிறது என்ற ஆட்சேபங்களை, முன்கூட்டியே தள்ளுபடி செய்யும் வாக்கியம். அதற்கடுத்தது பொது விவாத நேரம். வழக்கம் ஒரு மணி நேரம், அதைக் கல்விக் குழுவின் தலைவரும் எதிர்த்தரப்பு மூத்தவரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று கொடுத்தாலும் 15 பேர்தான் பேச முடியும். உங்கள் உறுப்பினர் அந்தப் பதினைந்தில் ஒருவராக வேண்டுமானால், கல்விக் குழு ஊழியரிடம் முந்தைய நாளே பெயர் கொடுத்திருக்க வேண்டும்.

பிறகுதான் திருத்தங்களைப் பற்றிய வாக்கியம் வருகிறது. உயிர் நிலை அதுதான். திறந்த விதி என்றால் மசோதாவின் பொருளுக்குப் பொருத்தமான எந்தத் திருத்தத்தையும் யாரும் எழுந்து கொண்டுவரலாம், ஐந்து நிமிடம் பேசலாம். மூடிய விதி என்றால் ஒன்றுகூட வராது. இரண்டுக்கும் நடுவில் வரையறுத்த விதி. குழு தன் அறிக்கையில் அச்சிட்ட திருத்தங்கள் மட்டும், அச்சிட்ட வரிசையில், குறிப்பிட்ட உறுப்பினர் மட்டும், குறிப்பிட்ட நேரம் மட்டும். பெரும்பாலும் ஒரு திருத்தத்துக்குப் பத்து நிமிடம், ஆதரவுக்கு ஐந்து, எதிர்ப்புக்கு ஐந்து. அந்தத் திருத்தத்தை யாரும் மேலும் திருத்த முடியாது. இன்று திறந்த விதி அபூர்வமாகிவிட்டது. ஆகவே நாம் கேட்பது வரையறுத்த விதியாகத்தான் இருக்கும். கேள்வி, அதில் எந்தெந்தத் திருத்தங்கள் இடம்பெறும் என்பதே.

நல்ல திருத்தங்கள் பெரும்பாலும் கொள்கைக்காகத் தோற்பதில்லை, வேலைப்பாட்டுக் குறையால் தோற்கின்றன. விதிகள் குழுவின் தலைவர் திருத்தங்களைச் சமர்ப்பிக்க ஒரு நாளும் மணியும் அறிவிப்பார். அதில் முக்கியமான செய்தி கெடு மட்டுமல்ல, எந்த வாசகத்துக்குத் திருத்தம் எழுத வேண்டும் என்பதும்தான். அறிமுகமான மசோதா ஒன்று, கல்விக் குழு மாற்றி எழுதிய வடிவம் வேறொன்று, விதிகள் குழு அச்சிட்ட வடிவம் மூன்றாவது. பழைய வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு "பக்கம் 7, வரி 12-இல் உள்ள சொல்லை நீக்குக" என்று எழுதினால், புதிய வடிவத்தின் பக்கம் 7, வரி 12-இல் வேறு எதுவோ இருக்கும். திருத்தம் அர்த்தமற்றுப் போகும். உறுப்பினரின் ஊழியர் சபையின் சட்ட வரைவு அலுவலகத்தில் எழுதி வாங்கினால் இந்தப் பிழை நேராது. ஆனால் அந்த அலுவலகத்தில் கெடு நாளன்று கூட்டம் நெரியும். கெடுவுக்கு நான்கைந்து நாள் முன்பே உங்கள் கோரிக்கை உறுப்பினரின் கைக்குப் போயிருக்க வேண்டும்.

அடுத்த பொறி, பொருத்தம். ஒரு உதாரணம் சொல்கிறோம், இது நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்கும் தொடர்புள்ளது. 1990-இன் தேசியச் சுற்றுச்சூழல் கல்விச் சட்டப்படி, இலாப நோக்கற்ற அமைப்புகளும் மானியம் கேட்கலாம். செலவில் பொதுவாக 75 சதவீதம் வரை அரசு தரும், மீதியை அமைப்பு ஈடுகட்ட வேண்டும். மானியத் தொகையில் 25 சதவீதம் 5,000 டாலருக்கு மேற்படாத சிறு மானியங்களாகப் போக வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழைய அந்த 5,000 டாலரை இரட்டிப்பாக்கச் சொல்வது நியாயமான கோரிக்கை. ஆனால் வரப்போகும் மசோதா 1965-இன் பள்ளிக் கல்விச் சட்டத்தை மட்டும் திருத்துவதாக இருந்தால், 1990 சட்டத்தைத் தொடும் உங்கள் திருத்தம் பொருத்தமற்றது என்று ஆட்சேபம் எழலாம். இரண்டு வழிதான் உண்டு. மசோதா கல்விக் குழுவில் இருக்கும்போதே 1990 சட்டத்தையும் அதில் சேர்த்துவிடச் செய்வது. இல்லையேல், அந்த ஆட்சேபத்தைத் தள்ளுபடி செய்யும் வாசகத்தைச் சிறப்பு விதியில் கேட்டு வாங்குவது. முதலாவதே எளிது.

பணம் பற்றியும் கவனம் வேண்டும். "ஒதுக்குவதற்கு அனுமதிக்கப்படுகிறது" என்ற சொற்றொடரை "ஒதுக்கப்படுகிறது" என்று மாற்றினால் அது கட்டாயச் செலவாகிவிடும். ஈடுகட்டும் வழி காட்டாத கட்டாயச் செலவு சபையின் 21-ஆம் விதியில் முட்டிக்கொள்ளும். இன்னொரு பக்கம், வெறும் அனுமதியால் ஒரு டாலர்கூடக் கைக்கு வராது. 1990 சட்டத்தின் தொகை அனுமதி 1996 நிதியாண்டோடு முடிந்துவிட்டது. அதன் பிறகும் பல ஆண்டுகள் பணம் வந்தது என்றால் அது ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கீட்டு மசோதாவில் போராடி வாங்கியது. ஆகவே கல்வி மசோதா நிறைவேறியதும் ஓய்ந்துவிடாமல், அடுத்த ஒதுக்கீட்டு மசோதாவையும் பின்தொடருங்கள்.

விதிகள் குழுவின் கூட்டம் பெரும்பாலும் வாரத் தொடக்கத்தில், மாலை வேளையில் நடக்கும். திருத்தம் கொடுத்த உறுப்பினர் நேரில் வந்து பேசினால் குழு அதைப் பொருட்படுத்தும். வராமல் எழுத்தில் மட்டும் விட்டால் எளிதில் கழித்துவிடும். சமர்ப்பித்த திருத்தங்களின் பட்டியலைக் குழுவே வெளியிடுகிறது. யார் கொடுத்தது, என்ன சொல்கிறது, ஏற்கப்பட்டதா என்று எல்லாரும் பார்க்கலாம். அறிக்கையைச் சபையில் வைத்த அதே நாளில் விதியை எடுத்துக்கொள்ள மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவை. அதனால் சாதாரணமாக ஓர் இரவு இடைவெளி கிடைக்கும். நம் போன் போக வேண்டிய நேரம் அதுதான்.

மறுநாள் விதியின் மீதே ஒரு மணி நேர விவாதம் நடக்கும். பாதியை எதிர்த்தரப்புக்கு வழக்கப்படி விட்டுக்கொடுப்பார்கள், ஆனால் பேச மட்டும், திருத்தம் கொண்டுவர அல்ல. பிறகு விவாதத்தை முடித்துக்கொள்ளலாமா என்று ஓர் ஓட்டு. அதில் பெரும்பான்மைக் கட்சி தோற்றால் விதியைத் திருத்தும் வாய்ப்பு எதிர்த்தரப்புக்குப் போகும். கட்சிக் கட்டுப்பாட்டால் இது அரிது. ஆனாலும் அந்தக் கட்டுப்பாடு சில நேரம் தளர்வதுண்டு. 2023 ஜூனில், 2002-க்குப் பிறகு முதல் முறையாக, ஒரு சிறப்பு விதியே சபையில் தோற்றது. அந்த விதியின் கீழ் வரவிருந்தவற்றில் எரிவாயு அடுப்புகள் பற்றிய மசோதாக்களும் இருந்தன.

எதிர்த்தரப்பின் கடைசி ஆயுதமாக இருந்தது மசோதாவைக் குழுவுக்குத் திருப்பியனுப்பக் கோரும் தீர்மானம். 2008-இல் அதோடு ஒரு திருத்தத்தையும் சேர்த்துக் கொண்டுவரலாம், பத்து நிமிடம் பேசலாம். 2021-இல் அந்தச் சேர்க்கையை நீக்கிவிட்டார்கள். எச்-313-இல் இடம் கிடைக்காத திருத்தத்துக்கு இப்போது சபையில் வேறு வாசல் இல்லை என்றே சொல்லலாம். இதனால்தான் எதிர்த்தரப்பின் திருத்தங்களுக்கும் இடம் கொடுக்கச் சொல்லி வற்புறுத்துகிறோம். 2008-இல் ஜனநாயகக் கட்சிக்குச் சுமார் 235 இடங்கள். அப்படியானால் அந்த 293-இல் குறைந்தது ஐம்பது ஓட்டாவது குடியரசுக் கட்சியிலிருந்து வந்திருக்க வேண்டும். தன் திருத்தத்தைப் பேசவாவது விட்டார்கள் என்ற நிறைவு இருக்கும் உறுப்பினர்தான் கடைசியில் கட்சி தாண்டி ஓட்டுப் போடுவார். விவாதத்தை முடிக்கவே 60 பேர் தேவைப்படும் செனட்டில் அந்தக் கட்சி தாண்டிய ஆதரவு இல்லாமல் எதுவும் நகராது.

சுற்றுச்சூழல் கல்வி கடைசியில் பொதுப் பள்ளிச் சட்டத்துக்குள் இடம்பெற்றது 2015 டிசம்பர் 10 அன்று. தனி மசோதாவாக அல்ல, பெரிய கல்விச் சட்டம் ஒன்றின் நான்காம் தலைப்புக்குள், மானியத்தைச் செலவிடத்தக்க பணிகளில் ஒன்றாக. இனியும் இப்படித்தான் நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம். பெரிய மசோதாவில் ஒரு சிறு திருத்தமாக வரும்போது விதிகள் குழுவின் தயவு இன்னும் அதிகம் தேவைப்படும், ஏனென்றால் அங்கே நூற்றுக்கணக்கான திருத்தங்கள் வரிசையில் நிற்கும்.

ஆகவே திருத்தங்களுக்கான கெடு அறிவிக்கப்பட்ட அன்றே உங்கள் உறுப்பினரின் அலுவலகத்தைக் கூப்பிட்டு, கல்வி விவகாரங்களைப் பார்க்கும் ஊழியரைக் கேளுங்கள். மசோதாவின் எண்ணைச் சொல்லுங்கள். திருத்தம் எந்த வடிவத்துக்கு எழுதப்படுகிறது, சட்ட வரைவு அலுவலகத்துக்குப் போய்விட்டதா, உறுப்பினர் விதிகள் குழு முன் நேரில் வருவாரா என்று கேளுங்கள். குழு கூடிய மறுநாள் காலை மீண்டும் கூப்பிட்டு, அந்தத் திருத்தம் அறிக்கையில் எத்தனையாவது எண்ணாக வந்திருக்கிறது என்று கேளுங்கள். வரவில்லை என்றால், விதியின் மீதான ஓட்டில் அவர் என்ன செய்யப்போகிறார் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
காங்கிரஸ் நடைமுறைகளைக் கவனித்துவரும் நண்பர்கள்