குழந்தைக்கு ஒரு நியாயம், முனைவர் பட்ட மாணவருக்கு ஒரு நியாயமா?

பள்ளி உளவியலில் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்காவில் இதே துறையில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு இப்போது ஒரு பள்ளி மாவட்டத்தில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) வேலை பார்க்கிறேன். உங்களிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. பத்து வயதுக் குழந்தைக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்களோ, அதில் பாதியையாவது உங்கள் மாணவர்களுக்கு ஏன் செய்வதில்லை? கோபத்தில் கேட்கிறேன் என்று நினைக்கலாம். கொஞ்சம் கோபம் இருக்கத்தான் செய்கிறது, மறைப்பானேன்.

முதலாண்டில் நீங்கள் கற்றுக்கொடுத்ததிலிருந்தே தொடங்குகிறேன். வாசிப்பில் பின்தங்கிய ஒரு குழந்தை. வாரம் ஒருமுறை ஒரு பத்தியை எதிரே வைத்து, ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களை எண்ணி, வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இன்றைய நிலையிலிருந்து ஆண்டிறுதி இலக்குவரை ஏற்கெனவே ஒரு கோடு போட்டிருப்போம். தொடர்ந்து நான்கு புள்ளிகள் அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்தால் காத்திருக்கக் கூடாது, சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும். குழந்தை சோம்பேறி, கவனமில்லை, வீட்டில் சரியில்லை என்றெல்லாம் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் நம் பாடமுறையைப் பார்க்க வேண்டும். நான் இந்தத் துறையை நேசிக்கத் தொடங்கியதே அந்த வகுப்பில்தான்.

சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. 1975-இல் வந்து, இன்று ஐடியா என்ற பெயரில் நடைமுறையில் இருக்கும் சிறப்புக் கல்விச் சட்டம், பெற்றோர் ஒப்புதல் கொடுத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் முதல் மதிப்பீட்டை முடிக்கச் சொல்கிறது (மாநிலம் வேறு கெடு வைத்திருந்தால் அது). ஐஇபி என்ற தனிநபர் கல்வித் திட்டத்தில் அளந்து பார்க்கக்கூடிய இலக்குகள் இருக்க வேண்டும், முன்னேற்றத்தை எப்படி அளப்போம், எப்போது பெற்றோருக்குச் சொல்வோம் என்றும் எழுத வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது உட்கார்ந்து திருத்த வேண்டும். பள்ளியின் மதிப்பீட்டில் பெற்றோருக்கு உடன்பாடு இல்லையென்றால், அரசு செலவில் வெளியாள் ஒருவரின் மதிப்பீட்டைக் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசிப்பையோ கணக்கையோ ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்காததுதான் முக்கியக் காரணம் என்றால், அந்தக் குழந்தைக்குக் குறைபாடு என்று முத்திரை குத்தவே கூடாது.

சரி, இப்போது அதே கட்டடத்தில் உங்கள் அறைக்கு வருவோம்.

மாணவி ஒருத்தி அக்டோபரில் ஆய்வேட்டின் இரண்டாம் இயலை அனுப்புகிறாள். "பார்க்கிறேன்" என்று ஒரு வரிப் பதில் வருகிறது. நவம்பரில் தயங்கித் தயங்கி ஒரு நினைவூட்டல் அனுப்புகிறாள். அந்த மின்னஞ்சலை அவள் எழுதி, அழித்து, மறுபடி எழுதியது உங்களுக்குத் தெரியாது. அடுத்த செமஸ்டரில் கோப்பு திரும்பி வருகிறது. ஓரத்தில் மூன்று குறிப்புகள்: "இன்னும் ஆழம் வேண்டும்", "தெளிவில்லை", "இது ஏன்?" ஐஇபியில் நான் "வாசிப்பில் முன்னேற்றம் காண்பார்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் நீங்கள் விட்டிருப்பீர்களா? எவ்வளவு, எதற்குள், எதை வைத்து அளப்பாய் என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். அனுப்பியும் இருக்கிறீர்கள், நன்றி.

ஆண்டு மதிப்பீட்டுக் கடிதமும் இதே ரகம். முதல் மூன்று ஆண்டுகள் "எதிர்பார்த்தபடி முன்னேறுகிறார்" என்று வரும். நான்காம் ஆண்டு திடீரென்று "கவலைக்குரிய நிலை" என்று வரும். இடையில் கோட்டுக்குக் கீழே விழுந்த புள்ளிகளை யார் பார்த்தார்கள்? பார்த்திருந்தால் எதை மாற்றினார்கள்? எனக்குத் தெரிந்த ஒருவர் முடிக்காமலே கிளம்பிவிட்டார். அவரால் முடியவில்லை என்றுதான் துறையில் பேச்சு. இயல் எழுதுவது எப்படி என்று அவருக்கு யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்க ஆளில்லை. ஒரு குழந்தையைப் பற்றி ஐஇபி கூட்டத்தில் அப்படி ஒரு முடிவு எடுத்திருந்தால் முதலில் எழுந்து நின்றிருப்பவர்கள் நீங்கள்தான்.

இதைப் பெருந்தன்மை காட்டச் சொல்லும் வேண்டுகோளாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்த அமெரிக்க உளவியல் சங்கத்தின் அறநெறி விதிகளிலேயே இது இருக்கிறது. 7.06-ஆம் விதி, மாணவர்களுக்குக் கருத்துச் சொல்வதற்கு உரிய காலத்தில் நடக்கும், திட்டவட்டமான ஒரு நடைமுறை வேண்டும் என்கிறது. அது என்ன என்பதை மேற்பார்வையின் தொடக்கத்திலேயே மாணவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆய்வேட்டை அடிப்படையாக வைத்துப் பலர் சேர்ந்து எழுதும் கட்டுரையில், விதிவிலக்கான சூழல் தவிர, மாணவர் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்பது 8.12. அதைப் பற்றி முடிந்தவரை சீக்கிரமே பேசிவிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. இந்தப் பேச்சை மாணவர் தொடங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நெறியாளரும் நீங்கள், ஆய்வு உதவியாளர் வேலையில் முதலாளியும் நீங்கள், மதிப்பெண் போடுவதும் நீங்கள், நாளைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போவதும் நீங்கள். இத்தனையும் ஒரே நாற்காலியில் இருக்கும்போது எதிரே இருப்பவர் வாயைத் திறப்பாரா?

வெளிநாட்டு மாணவர்களுக்கு இன்னொரு முடிச்சு. மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் படிப்பு முடியும் தேதி ஒன்று இருக்கும். அதை நீட்டிக்கத் தகுந்த கல்விசார் காரணம் காட்ட வேண்டும். உங்கள் மேசையில் தூங்கும் இயல் அவர்களுக்கு விசாப் பிரச்சினை. இதை உங்களிடம் வந்து சொல்லவும் அவர்கள் கூச்சப்படுவார்கள்.

உங்கள் பாடும் தெரியாமல் இல்லை. அங்கீகாரத்துக்கான அறிக்கைகள், ஆய்வு நிதி விண்ணப்பங்கள், காலியாகவே கிடக்கும் பேராசிரியர் பணியிடங்கள். தேசிய பள்ளி உளவியலாளர் சங்கம் 500 மாணவர்களுக்கு ஒரு பள்ளி உளவியலாளர் என்று பரிந்துரைக்கிறது. நாடு முழுக்கச் சராசரி எடுத்தால் ஒருவர் தலையில் அதைப் போல் இரு மடங்குக்கும் மேல் விழுகிறது. ஆட்களை உருவாக்கித் தரும் பொறுப்பும் உங்கள் மேல்தான். ஆனால் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறும் ஆசிரியை நேரமில்லை என்று சொன்னால், சரி, விட்டுவிடுங்கள் என்று நாம் எழுந்து வருவதில்லையே. அவரால் செய்யக்கூடிய அளவுக்குத் திட்டத்தைச் சுருக்கித் தருகிறோம். நானும் அப்படிச் சுருக்கியே கேட்கிறேன்.

ஒவ்வொரு மாணவரோடும் உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். வரைவு கைக்கு வந்தால் எத்தனை வாரத்தில் பதில், இந்தச் செமஸ்டரில் எந்தப் பகுதி முடிந்தால் போதும், முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வோம், கட்டுரையில் யார் பெயர் முதலில். அப்புறம், உங்களோடு ஒத்துப்போகவில்லை என்றால் மாணவர் யாரிடம் போகலாம் என்று ஒரு பெயர். கடைசியாகச் சொன்னதுதான் உங்களுக்குக் கசக்கும் என்று தெரியும். பெற்றோருக்கு வெளியாள் மதிப்பீடு கேட்கும் உரிமை வந்தபோது பள்ளிகளுக்கும் அது இனித்திருக்காது. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, அடுத்த செமஸ்டரில் எடுத்துப் பார்த்துத் திருத்துங்கள்.

படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பக்கத்தில் உங்கள் பங்கும் உண்டு. சொன்ன தேதிக்கு வரைவு கொடுக்காமல் பதில் வரவில்லை என்று புலம்பினால் எடுபடாது.

எப்போது என்று கேட்டால், மே மாதத்துக்குள். பட்டத்துக்கு முன் செய்ய வேண்டிய பயிற்சிப் பணியான இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பங்கள் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் போகின்றன. மாணவர் தயார் என்று துறையின் பயிற்சி இயக்குநர் அதில் சான்றளிக்க வேண்டும். பல துறைகளில் ஆய்வுத் திட்டம் ஒப்புதல் பெறாமல் அந்தச் சான்று கிடைக்காது. செப்டம்பரில் வர வேண்டிய ஒப்புதல் டிசம்பருக்குப் போனால், நழுவுவது மூன்று மாதம் இல்லை, ஒரு முழு ஆண்டு. கோடை விடுமுறைக்கு எல்லாரும் கலைவதற்கு முன்னால் அந்தப் பக்கம் எழுதப்பட்டிருந்தால், இந்த ஆண்டு விண்ணப்பிக்க இருப்பவர்களுக்கே அது பயன்படும்.

இப்படிக்கு,
உங்களிடம் படித்த ஒருவர்