ஏரியில் நீந்த ஓர் இடம் ஒதுக்கித் தரக் கோரிக்கை

பெறுநர்: மாநகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: நகரின் நடுவிலுள்ள ஏரியில் பாதுகாப்பாக நீந்த ஒரு பகுதியை ஒதுக்குவது, தண்ணீர்ப் பரிசோதனை முடிவை அன்றாடம் கரையில் எழுதி வைப்பது தொடர்பாக.

வணக்கம்.

காலையில் ஏரியில் நீந்துகிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஆமாம், "இங்கே நீந்தக் கூடாது" என்று பலகை வைத்திருக்கும் அதே ஏரிதான். அந்தப் பலகையிலேயே துண்டைத் தொங்கப்போட்டுவிட்டுத்தான் ஆட்கள் தண்ணீரில் இறங்குகிறார்கள், தடை எப்படி நடக்கிறது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. தடை இருப்பதால் உயிர்காப்பாளர் கிடையாது, ஏணி கிடையாது, பாசி பிடித்த படியில் வழுக்கிக்கொண்டே இறங்கிப் படகு போகும் பாதையிலேயே நீந்த வேண்டியிருக்கிறது.

முழு ஏரியையும் திறந்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. படகுத்துறைக்கு எதிர்க்கரையில் ஒரு பகுதியை மிதவைக் கயிறு கட்டிப் பிரித்து, காலையில் சில மணி நேரம் இரண்டு உயிர்காப்பாளர்களைப் போட்டால் போதும். உடை மாற்றும் அறையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மையில் எங்கள் கவலை தண்ணீரைப் பற்றித்தான். மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் போகும் நகரங்களில் பெருமழை பெய்தால் குழாய் தாங்காமல் வழிந்து நீர்நிலையில் கலந்துவிடும். இங்கேயும் மழை விட்ட மறுநாள் கரையோரக் குழாய் வாயருகே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க முடிகிறது. தண்ணீரில் மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் ஈகோலை கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்த்து எண்ணும் வழக்கமான பரிசோதனைக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், அதாவது இன்று கையில் கிடைப்பது நேற்றைய தண்ணீரின் கணக்கு. அதனால் பலத்த மழை பெய்தால் முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே மூடிவிட வேண்டும், மறுபடி எடுத்த மாதிரி சரியாக இருந்தால்தான் திறக்க வேண்டும். மூடியிருக்கும் நாளில் நாங்கள் சண்டைக்கு வர மாட்டோம்.

இதெல்லாம் நடக்காத காரியம் இல்லை. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன் துறைமுகத்தில் 2002 முதல் மக்கள் நீந்துகிறார்கள், கழிவுநீர் வழிந்தால் அங்கே நீச்சலை நிறுத்திவிடுகிறார்கள். பாரிஸில் 1923-இல் சேன் நதியில் நீந்தத் தடை போட்டார்கள், மழைநீரைத் தேக்கி வைக்க நிலத்தடியில் பெரிய தொட்டி கட்டி, 2025 ஜூலையில் மூன்று இடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மழைக்குப் பிறகு அங்கேயும் மூடுகிறார்கள்.

யாராவது மூழ்கினால் பொறுப்பு யாருடையது என்று உங்கள் அலுவலர்கள் தயங்குவது புரிகிறது. இப்போதும் ஆட்கள் நீந்தத்தான் செய்கிறார்கள், மூழ்கினால் எட்டிப் பார்க்கக்கூட ஆள் இல்லை என்பதுதான் நிலைமை. தனியாக இறங்கக் கூடாது, இடுப்பில் ஆரஞ்சு நிற மிதவை கட்டாயம், தண்ணீரின் வெப்பநிலையை எழுதிப் போட வேண்டும், குளிர்ந்த நீரில் திடீரென்று குதிக்கக் கூடாது என்று விதி போடுங்கள், கட்டுப்படுகிறோம்.

இடம் ஒதுக்கக் காலம் ஆகுமென்றால் பரிசோதனையையாவது இந்த மாதமே தொடங்கி, முடிவைக் கரையில் எழுதி வைக்க உத்தரவிடுங்கள். நேரில் பார்வையிட வருவதாக இருந்தால் காலை ஆறு மணிக்கு வாருங்கள், எந்த இடம் ஆழம், எங்கே சேறு என்று காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஏரியில் நீந்துவோர்