சூசையப்பர் திருநாளுக்கு முன்

பலெர்மோ,
மார்ச் 11

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் பழையபடிதான், மருந்து பூசச் சொன்னால் கேட்கமாட்டார்.

பல்லாரோ சந்தையில் ஃபினோக்கியெத்தோ, அந்தக் காட்டுப் பெருஞ்சீரகக் கீரை, குவிந்து கிடக்கிறது. 19ஆம் திகதி சூசையப்பர் திருநாள் அல்லவா, நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவுக்குப் பாஸ்தா கொன் லெ சார்தே, சாளைமீன் பாஸ்தா, செய்யவேண்டும். கட்டிலில் கிடந்தபடியே இப்போதே கட்டளை போடத் தொடங்கிவிட்டா. உனக்கும் மூன்று கட்டு வாங்கி ஈரப் பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறேன். உங்கள் பக்கத்துக் கடைகளில் விற்கிற குண்டுப் பெருஞ்சீரகம் இதற்குச் சரிவராது.

கீரையை உப்புத் தண்ணீரில் அவித்து எடு. தண்ணீரை ஊற்றிவிடாதே. வெங்காயம் வதக்கி, இரண்டு நெத்தலியை அதில் கரையவிடு. பிறகு முந்திரிகை வற்றல், பினோலிப் பருப்பு (பைன் கொட்டை), குங்குமப்பூ, அரிந்த கீரை. முள்ளெடுத்த சாளையைக் கடைசியில் போடு, கிளறிக் கூழாக்காதே. புக்கத்தீனிப் பாஸ்தாவை அந்தக் கீரைத் தண்ணீரிலேயே அவிக்கவேண்டும், அதற்குத்தான் ஊற்றாதே என்றேன். மேலே வறுத்த பாண்தூள். சீஸ் வாங்க வழியில்லாத சனம் தூவிய பாண்தூள்தான், ஆனால் இன்றைக்குச் சீஸ் போட்டால் சிஞ்ஞோரா என்னை வேலையை விட்டே நிறுத்திவிடுவா.

பெப்ரவரியும் முடிந்துவிட்டது. முன்பெல்லாம் பரீட்சை முடிந்த கையோடு வாசலில் நின்றே போன் எடுத்து 30க்கு 28, 30க்கு 26 என்று கத்துவாய். அப்பா அதைக் கலண்டரில் எழுதி வைப்பார். இந்த வருசக் கலண்டரில் என்னுடைய வேலை நேரம் மட்டும்தான் இருக்கிறது. கேட்பதற்காகச் சொல்லவில்லை.

டிசம்பர் 13, புனித லூசியா திருநாளுக்கும் நீ வரவில்லை. அன்றைக்கு ஊரே பாணும் பாஸ்தாவும் தொடாது என்பதையும், 1646 பஞ்சத்தில் தானியக் கப்பல் வந்த கதையையும் நீதானே பள்ளிக்கூடத்தில் கேட்டுவந்து எங்களுக்குச் சொன்னாய். உன் பங்கு அராஞ்சீனாவை, பொரித்த சோற்றுருண்டையை, ஃப்ரீசரில் வைத்தேன். ஜனவரியில் அப்பா தின்றுவிட்டார்.

போன ஞாயிறு புனித ரொசாலியா அம்மாவின் கோயிலுக்கு மலை ஏறினோம். தாலியாதெல்லே என்கிற நாடாப் பாஸ்தா அவித்தபின் 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கவேண்டும் என்று பொலோன்யா வர்த்தகச் சங்கத்தில் 1972இல் பதிந்து வைத்ததாக நீ சொன்னாயே, அதை அப்பா இன்னும் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வருகிறார், தானே அளந்து பார்த்த மாதிரி. என் மகள் படிக்கிற ஊர் என்று சேர்த்தும் சொல்வார். “எத்தனையாம் வருசம்?” என்று ஒருவர் கேட்டார். “மூன்றாம் வருசம்” என்றார் அப்பா. நான் மெழுகுதிரி வாங்கப் போய்விட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிர் விடும்வரை இறைச்சி அடைத்த தொர்தெல்லீனியைச் சூப்பில் போட்டுக் குடி, அது உங்கள் ஊரில் நல்லது. இரவு ஒரு மணிவரை ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவுகிற ஆட்கள் எதைத் தின்று படுப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அப்பா பதினைந்து வருசம் கழுவினவர். உன்னைப் போல ஒரு பிள்ளையை அங்கே ஒரு குசினியில் கண்டதாக யாரோ சொன்னார்கள். உன்னைப் போல எத்தனையோ பேர் இருப்பார்கள். சரி, விடு.

கீரை இரண்டு நாளைக்குமேல் தாங்காது. வெள்ளி இரவு பஸ்ஸில் வருகிற தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன், சனி மத்தியானம் போய் வாங்கு. அவித்த தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதே.

ஈஸ்டருக்கு டிக்கெட் போடப்போகிறாராம் அப்பா. அவசரமில்லை என்றால் ஜூன்வரை நில், தெனெரூமி வந்துவிடும், சுரைக்கொழுந்துச் சூப் உனக்குப் பிடிக்குமே. உன் அறையில் சாமான் ஒன்றும் போடவில்லை. டிக்கெட் வர மட்டும் போடுவதா, போய்வரப் போடுவதா என்று ஒரு வரி எழுது. எதுவென்றாலும் அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா